கப்பலுக்குப் பக்கத்து வீடு: ஸ்டாக்ஹோமும் பாஸ்டனும்

பாஸ்டன் நகரத்தின் சார்ல்ஸ்டவுன் கரையில் நாள்தோறும் இருமுறை பீரங்கி முழங்குகிறது. காலையில் கொடி ஏறும்போது ஒருமுறை, பொழுது சாய்ந்து கொடி இறங்கும்போது ஒருமுறை. முழக்கம் வருவது யு.எஸ்.எஸ். கான்ஸ்டிடியூஷன் என்னும் பாய்மரப் போர்க்கப்பலிலிருந்து. 1797 அக்டோபர் 21-ல் நீரில் இறங்கிய அந்தக் கப்பலை அமெரிக்கக் கடற்படை இன்னும் பணியிலிருந்து விடுவிக்கவில்லை. பணியில் இருந்துகொண்டே மிதக்கும் போர்க்கப்பல்களில் உலகிலேயே வயது மூத்தது அதுதான். அக்கம்பக்கத்து அடுக்ககங்களில் அடுப்படியில் நிற்பவர்களுக்கு அந்த முழக்கம், மில் இருக்கும் ஊரில் சங்கு ஊதுவது மாதிரி. கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

ஸ்டாக்ஹோமின் வாசா கப்பல் சத்தம் போடுவதில்லை. 1628 ஆகஸ்ட் 10-ல் முதல் பயணம் புறப்பட்டு 1,300 மீட்டர் போனதும் காற்று அதைச் சாய்த்தது. திறந்திருந்த பீரங்கித் துளைகளின் வழியே நீர் புகுந்தது. வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த நகரத்தார் கண்ணெதிரே முழுகிப்போனது. 333 ஆண்டுகள் நீரடியில் கிடந்து 1961 ஏப்ரல் 24-ல் மேலே வந்தது. இப்போது யூர்கோர்டன் தீவில், வெளிச்சத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்த ஒரு பெரிய கூடத்துக்குள் நிற்கிறது.

இரண்டுமே துறைமுக நகரங்கள். இரண்டுமே தங்கள் கப்பலைக் கண்போல் காப்பவை. கப்பல்களைப் பற்றி எழுதியவர்கள் நிறைய இருக்கிறார்கள். என் கேள்வி வேறு: அவற்றுக்குப் பக்கத்தில் வாடகைக்குக் குடிபோக நினைக்கும் ஒருவர் என்ன கொடுக்க வேண்டும்? குடிபோனபின் எத்தனை காலம் அங்கே இருக்கலாம்? முதல் கேள்வியைத்தான் எல்லோரும் கேட்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

நிலத்திலிருந்து தொடங்கலாம். கான்ஸ்டிடியூஷன் நிற்கும் இடம் 1800-ல் உண்டான கடற்படைத் தளம். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்தபோது ஏறக்குறைய 50,000 பேர் அங்கே வேலை பார்த்தார்கள். கப்பல் கட்டினார்கள், பழுது நீக்கினார்கள், நங்கூரச் சங்கிலி அடித்தார்கள், வடம் திரித்தார்கள். 1974-ல் தளத்தை மூடிவிட்டார்கள். சுமார் 30 ஏக்கர் தேசியப் பூங்காத் துறையிடம் போனது. கப்பலும், 1833-ல் முதன்முதலாக அதே கப்பலை ஏற்றிப் பழுது பார்த்த கருங்கல் உலர்துறையும், 1976-ல் திறந்த அருங்காட்சியகமும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. மீதி நிலம் பாஸ்டனின் நகர மறுசீரமைப்பு அமைப்பிடம் வந்தது. பட்டறைகளும் கிடங்குகளும் ஒவ்வொன்றாக வீடுகளாகவும் ஆய்வுக்கூடங்களாகவும் மாறின.

அவற்றில் கயிற்றுக்கூடத்தின் கதை என்னைவிட்டுப் போகவே இல்லை. வடம் திரிக்க நீளம் வேண்டும். எத்தனை நீளத்துக்கு வடம் தேவையோ அதைவிட அதிகமாக இழைகளை நேராக நீட்டிப் பிடித்து முறுக்க வேண்டும். அதற்காகவே அலெக்சாண்டர் பாரிஸ் என்ற கட்டடக் கலைஞர் 1830-களில் கால் மைல் நீளத்துக்கு ஒரே கருங்கல் கூடத்தை அமைத்தார். 1971 வரை கடற்படைக்கான வடம் அங்கே உருவானது. பிறகு பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது. அமெரிக்காவில் முழு நீளத்தோடு தப்பிப் பிழைத்த ஒரே கயிற்றுக்கூடம் என்பதால் அதை இடிக்கவும் முடியவில்லை; இத்தனை நீளத்தை வைத்து என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவும் இல்லை. கடைசியில் உள்ளே தடுத்துத் தடுத்து, நூறுக்குச் சற்றுக் குறைவான வாடகை வீடுகள் ஆக்கிவிட்டார்கள். சணல் இழையும் தாரும் மணத்த இடத்தில் இன்று யாரோ குழந்தைக்குச் சோறூட்டுகிறார்கள். பழைய கட்டடத்தைக் காப்பதில் இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

யூர்கோர்டனில் இது நடக்காது. வாசா அருங்காட்சியகமும் பழைய கடற்படைத் தளத்தின் மீதுதான் நிற்கிறது. 1990-ல் திறந்த அந்தக் கூடம், 19-ஆம் நூற்றாண்டின் உலர்துறை ஒன்றின் மேலேயே எழும்பியது. ஆனால் தீவு பழைய அரச வேட்டைக்காடு. அதை ஆளும் உரிமை இன்றும் அரச நிர்வாகத்திடம் இருக்கிறது. 1995-ல் அந்தப் பரப்பு முழுதும் தேசிய நகரப் பூங்கா என்ற சட்டப் பாதுகாப்புக்குள் வந்தது. புதிய அடுக்ககம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தீவில் குடியிருப்போர் மிகச் சிலர். 18-ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டும் தொழிலாளருக்காக எழுந்த சின்னஞ்சிறு மரவீட்டுத் தெருக்கள் இன்றும் இருக்கின்றன. அங்கே வீடு காலியாவது அபூர்வம். அருங்காட்சியகத்துக்கு ஒட்டினாற்போல் இருப்பது கடற்படையின் இடுகாடு. வாசாவில் இறந்தவர்களின் எலும்புகளை 1963-ல் அங்கேதான் அடக்கம் செய்தார்கள், பிற்பாடு ஆய்வுக்காக எடுத்தார்கள். ஆகவே வாசாவுக்குப் பக்கத்து வீடு என்றால் எதிர்க்கரைதான்: பாலத்தைத் தாண்டி எஸ்தர்மால்ம், நீரோரமாக ஓடும் ஸ்ட்ராண்ட்வேகன் சாலை. அங்கிருந்து பார்த்தால் அருங்காட்சியகக் கூரைக்கு மேல் மூன்று பாய்மரத் தண்டுகள் தெரியும். அந்தக் காலத்தில் கப்பல் எத்தனை உயரம் நின்றது என்று காட்டுவதற்காகக் கூரைமேல் நட்டவை.

இனி வாடகை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அது பணத்தின் கதை. குடிபோகும் நாளில் வீட்டுக்காரர் எவற்றையெல்லாம் கேட்கலாம் என்று சட்டம் வரிசையாகச் சொல்கிறது: முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, ஒரு மாத வாடகைக்கு மிகாத வைப்புத்தொகை, புதுப் பூட்டும் சாவியும் போடும் செலவு. வேறெதுவும் கேட்கக்கூடாது. அதற்கு மேல் தரகர் கூலியாக இன்னொரு மாத வாடகை பாஸ்டனில் வழக்கமாக இருந்தது. தரகரை அமர்த்தியது வீட்டுக்காரராக இருந்தாலும் குடிவருபவர்தான் கொடுப்பார். 2025 ஆகஸ்ட் 1 முதல் அந்த வழக்கத்தைச் சட்டம் மாற்றிவிட்டது. அமர்த்தியவரே கொடுக்க வேண்டும். அதற்கு முந்திய நாள்வரை, நான்கு மாத வாடகையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவைத் தட்ட வேண்டியிருந்தது.

நாம் அட்வான்ஸ் என்று சொல்லும் அந்த வைப்புத்தொகையை மாசசூசெட்ஸ் நடத்தும் விதம் படிக்கப் படிக்க மனதுக்கு நிறைவாக இருக்கிறது. வீட்டுக்காரர் அதைத் தன் பணத்தோடு கலக்கக்கூடாது. மாநிலத்துக்குள் இருக்கும் வங்கியில், வட்டி வரும் தனிக் கணக்கில் போட வேண்டும். எந்த வங்கி, எந்தக் கணக்கு என்று குடியிருப்பவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வீட்டைக் காலி செய்த 30 நாளுக்குள் வட்டியோடு திருப்ப வேண்டும். பிடித்தம் இருந்தால் எதற்கு எவ்வளவு என்று பட்டியலும் தர வேண்டும். ஈய வண்ணப்பூச்சு பற்றிய சட்டமும் அப்படியே கறாரானது. 1978-க்கு முன் கட்டிய வீட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை குடியிருந்தால், ஈய ஆபத்தை நீக்குவது வீட்டுக்காரர் பொறுப்பு. குழந்தை இருக்கிறது என்ற காரணத்துக்காக வீடு தர மறுப்பதும் குற்றம். சார்ல்ஸ்டவுன் போன்ற பழைய பகுதியில் பிள்ளை பெற்றவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

ஆனால் இத்தனை கறாரான சட்டம், வாடகை எவ்வளவு என்பதில் மட்டும் வாயே திறப்பதில்லை. பாஸ்டன், கேம்பிரிட்ஜ், புரூக்லைன் ஆகிய மூன்று ஊர்களில் வாடகைக்கு உச்சவரம்பு இருந்தது. 1994-ல் மாநிலம் முழுக்க நடந்த வாக்கெடுப்பில் மிகக் குறுகிய வித்தியாசத்தில் அதை ஒழித்துவிட்டார்கள். உச்சவரம்பு இருந்த ஊர்களின் வாக்காளர்கள் அது நீடிக்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள்; மற்ற ஊர்க்காரர்கள் தீர்ப்பெழுதினார்கள். அதனால் ஓராண்டு ஒப்பந்தம் முடியும் நாளில் வீட்டுக்காரர் எத்தனை கேட்டாலும் கேட்கலாம். கட்டுபடியாகாதவர் பெட்டி கட்ட வேண்டும். பாஸ்டனின் ஒப்பந்தங்களில் பெரும்பகுதி செப்டம்பர் 1-ல் தொடங்குபவை. அன்றைக்கு நகரமே வீடு மாறுகிறது. வாடகை லாரிகள் தெருவை அடைத்து நிற்கும். மெத்தையும் நாற்காலியும் நடைபாதையில் குவிந்து கிடக்கும். மாணவர்கள் அடர்ந்த ஆல்ஸ்டன் பகுதியில் அந்த நாளை ஆல்ஸ்டன் கிறிஸ்துமஸ் என்றே சொல்கிறார்கள். ஒருவர் வீசிப்போனதை இன்னொருவர் எடுத்துக்கொள்வதால் வந்த பெயர்.

ஸ்டாக்ஹோமில் கேட்கும் விலை நாட்கள். சொல்லுக்குச் சொல் அப்படித்தான். நகரசபையின் வீட்டு ஒதுக்கீட்டு அலுவலகம் 1947 முதல் இயங்குகிறது. 18 வயதான யாரும் அதன் வரிசையில் பெயர் பதியலாம். பதிந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் உங்கள் கணக்கில் ஏறுகிறது. வீடு காலியானால் விண்ணப்பித்தவர்களில் அதிக நாள் சேர்த்தவருக்கே முதல் வாய்ப்பு. ஆண்டுக்கொரு சிறு கட்டணம்; கட்ட மறந்தால் சேர்த்த நாளெல்லாம் போய்விடும். இன்று அந்த வரிசையில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். வீடு கிடைப்பதற்குச் சராசரியாக ஏறக்குறைய பத்தாண்டு. எஸ்தர்மால்ம் போன்ற நடுநகரப் பகுதி என்றால் அதன் இருமடங்கை நெருங்கும். பதினெட்டாவது பிறந்தநாளில் பிள்ளையை வரிசையில் பதிய வைப்பது அங்கே பெற்றோர் செய்யும் கடமைகளில் ஒன்று.

இத்தனை காத்திருப்புக்குக் கிடைப்பது என்ன? முதல்கை ஒப்பந்தம். அதற்கு முடிவுத் தேதி இல்லை. ஒழுங்காக வாடகை கட்டி, அண்டை அயலாருக்குத் தொல்லை தராமல் இருப்பவரை வெளியேற்றுவது மிகக் கடினம். வாடகையைக் குடியிருப்போர் சங்கமும் வீட்டு நிறுவனங்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கின்றன. ஒரு வீட்டின் பயன்மதிப்பு என்ன, அதே தரமுள்ள மற்ற வீடுகளுக்கு என்ன வாடகை என்பதே அளவுகோல். அதனால் நீரோரத்து வீட்டுக்கும் அது சந்தை விலையைவிட வெகுவாகக் குறையும். சூடேற்றும் செலவு பெரும்பாலும் வாடகைக்குள் அடக்கம். கட்டடத்தின் அடித்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை. உங்கள் முறைக்கு நேரம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். வேலை வேறு பகுதிக்கு மாறினால், அங்கே முதல்கை ஒப்பந்தம் வைத்திருப்பவரோடு வீட்டை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஒப்பந்தத்தைப் பணத்துக்கு விற்பது நெடுங்காலமாகக் குற்றம். 2019 முதல் வாங்குவதும் குற்றம்.

சுவீடன்காரர்கள் இந்த ஏற்பாட்டை எவ்வளவு பொத்திப் பாதுகாக்கிறார்கள் என்பதற்கு 2021 ஒன்றே போதும். புதிதாகக் கட்டும் வீடுகளுக்கு மட்டும் சந்தை வாடகை விடலாமா என்று அரசு யோசித்தது. அதை எதிர்த்து இடதுசாரிக் கட்சி ஆதரவை விலக்கிக்கொள்ள, ஜூன் 21-ல் பிரதமர் ஸ்டெஃபான் லவேன் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோற்றார். அந்த நாட்டின் வரலாற்றில் அப்படித் தோற்ற முதல் பிரதமர் அவர்தான். இன்னும் கட்டாத வீட்டின் வாடகைக்காக ஓர் அரசு கவிழ்ந்தது.

கப்பல்களைக் காக்கும் முறையும் இதைப்போலவே பிரிவது வியப்பாக இருக்கிறது. பால்டிக் கடலின் உப்புக் குறைந்த நீரில் மரம் தின்னும் புழு வாழாது. அதனால் வாசாவின் மரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு 1628-ல் இருந்ததே. அதை உலரவிட்டால் வெடிக்கும் என்பதால் ஆண்டுக்கணக்கில் மெழுகுபோன்ற ஒரு கரைசலைத் தெளித்தார்கள். இப்போது வெப்பமும் ஈரமும் மாறாமல் காக்கிறார்கள். இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும். கான்ஸ்டிடியூஷனிலோ பலகை உளுத்தால் பெயர்த்துப் புதுப் பலகை அடிப்பார்கள். அதற்காக இந்தியானா மாநிலத்தில் ஓக் மரங்களைத் தனியாகக் காத்து வளர்க்கிறார்கள். முதலில் அடித்த மரத்தில் எட்டில் ஒரு பங்கு அளவே மிஞ்சியிருக்கும். கப்பல் மிதக்கிறது; பலகை மாறிக்கொண்டே இருக்கிறது. ஸ்டாக்ஹோமின் குடிகள் வாசாவின் மரம் மாதிரி, பாஸ்டனின் குடிகள் கான்ஸ்டிடியூஷனின் பலகை மாதிரி என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. உண்மையில் பாதிதான் பொருந்துகிறது. மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் ஸ்டாக்ஹோமுக்கு வரும் புதியவர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன்.

ஷிஸ்தா பகுதியின் தொலைத்தொடர்பு நிறுவனங்களில் வேலைக்கு வரும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் தமிழர்களும் உண்டு. வந்திறங்கும் நாளில் அவர் கணக்கில் நாள் எதுவும் இல்லை. வரிசையில் பதினைந்து ஆண்டு சேர்த்தவருக்கு எதிரே நின்று அவரால் என்ன செய்ய முடியும்? அவருக்குக் கிடைப்பது இரண்டாம்கை, அதாவது உள்வாடகை. முதல்கைக்காரர் வேறு ஊரில் வேலைக்கோ படிப்புக்கோ போகும்போது, வீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் பெற்று, பெரும்பாலும் ஓராண்டுக்கு விடுவார். தட்டுமுட்டுச் சாமான்களோடு விட்டால் தன் வாடகைக்கு மேல் 15 சதவீதம் வரை கூட்டிக்கொள்ளலாம். அதற்கு மேல் வாங்கக்கூடாது. சொந்த வீட்டைத் தனியார் விடும் வகை இன்னொன்று. அதற்கு வேறு சட்டம், வாடகையும் அதிகம், தொடர்ந்து இருக்கும் உரிமையும் அங்கே கிடையாது. இப்படி ஓராண்டு இங்கே, ஆறு மாதம் அங்கே என்று அவர் நகரத்தைச் சுற்றி வருவார். அனுமதியில்லாத உள்வாடகை என்று பின்னால் தெரியவந்தால் முதல்கைக்காரர் ஒப்பந்தத்தையே இழக்க நேரும். உள்ளே இருப்பவரும் தெருவுக்கு வருவார்.

பாஸ்டனில் பணம் இருந்தால் இன்று மாலையே சாவி கிடைக்கும். இல்லாவிட்டால் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் சந்தை வீட்டில் இடமில்லை. ஸ்டாக்ஹோமில் எத்தனை பணம் இருந்தாலும், வீட்டை விலைக்கு வாங்கினாலொழிய, நேற்று வந்தவருக்கு நிலையான இடம் இல்லை. ஒன்று ஏழையை வெளியே நிறுத்துகிறது, மற்றொன்று புதியவரை வெளியே நிறுத்துகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் என் பதில் ஸ்டாக்ஹோம்தான், தயங்கிக்கொண்டேனும். வரிசையில் நிற்கும் துப்புரவுத் தொழிலாளியின் ஒரு நாளும் வங்கி மேலாளரின் ஒரு நாளும் சமம். டாலரில் அப்படி ஒரு சமம் கிடையாது. சார்ல்ஸ்டவுன் மலையின் மறுபுறத்தில், டோபின் பாலத்தின் அருகே, ஆயிரத்து நூறு வீடுகள் கொண்ட பங்கர் ஹில் பொதுக்குடியிருப்பு இருக்கிறது. 1940 வாக்கில் எழுந்த அது நியூ இங்கிலாந்திலேயே பெரியது, இப்போது பகுதி பகுதியாக இடித்துக் கட்டப்படுகிறது. அங்கிருந்து கயிற்றுக்கூடத்துக்குச் சில நிமிட நடைதான். தளத்தில் வடம் திரித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தக் கூடத்தில் வாடகைக்கு இருக்க முடியுமா என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

நீரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், குடிபோகிறவர் கேட்க மறப்பது என்பதால். பாஸ்டனில் கடல் ஏறிக்கொண்டிருக்கிறது. 2018 ஜனவரி 4-ல் வந்த குளிர்காலப் புயலில் துறைமுகத்தின் அலைமட்டம் அதுவரை பதிவாகாத உயரத்தைத் தொட்டது. நீரோரச் சுரங்க ரயில் நிலையத்துக்குள் கடல்நீர் இறங்கியது. கப்பல் பார்க்கும் சன்னலுக்கு ஆசைப்படுபவர் தரைத்தளமா, மின்சாதனங்கள் எந்தத் தளத்தில் இருக்கின்றன என்று கேட்காமல் கையெழுத்திடக்கூடாது. ஸ்டாக்ஹோமில் நிலமே மேலே வருகிறது. பனியுகத்தில் அழுத்திக் கிடந்த பனிப்பாளம் கரைந்த பிறகு அந்தத் தரை இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர்.

கரையில் இடம் கிடைக்காதவர்கள் நீரிலேயே குடியேறுவதும் இரண்டு ஊரிலும் உண்டு. கான்ஸ்டிடியூஷனின் பெயரையே கொண்ட படகுத்துறை ஒன்றில் ஆண்டு முழுக்கப் படகில் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். குளிர்காலத்தில் படகின்மேல் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையைக் கூடாரம்போல் இழுத்துக் கட்டி, அதற்குள்ளே இருந்துகொள்கிறார்கள். ஸ்டாக்ஹோமில் ஷெப்ஸ்ஹோல்மன் தீவோரம் 1888-ல் கட்டிய ஆஃப் சாப்மன் என்ற பாய்மரக் கப்பல் நிற்கிறது. 1949 முதல் அது விடுதி. வீடு தேடி வந்த எத்தனையோ பேருக்கு முதல் சில இரவுகளின் கூரையாக அந்தக் கப்பல் இருந்திருக்கும்.

யாராவது இந்த இரண்டில் ஒரு நகரத்துக்குப் புறப்படுவதாக இருந்தால் நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பாஸ்டன் என்றால் செப்டம்பர் 1 தவிர வேறு நாளில் தொடங்கும் ஒப்பந்தமாகப் பாருங்கள். பணம் கொடுத்த அன்றே வைப்புத்தொகைக்கு ரசீது வாங்குங்கள், வங்கிக் கணக்கின் விவரத்தையும் எழுதி வாங்குங்கள், வீட்டின் ஒவ்வொரு மூலையையும் படமெடுத்து வையுங்கள். ஸ்டாக்ஹோம் என்றால் போய்ச் சேர்ந்த வாரத்திலேயே வரிசையில் பெயரைப் பதியுங்கள். இரண்டே ஆண்டில் ஊர் திரும்பிவிடுவோம் என்று தோன்றினாலும் பதியுங்கள். இரண்டு ஆண்டுக்கென்று போனவர்களில் பலர் அங்கேயே பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்போது உங்கள் கணக்கில் ஆறாயிரம் நாளுக்கு மேல் சேர்ந்திருக்கும்.